அளந்து பாக்காம 'முடியாது'னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல நுரையீரல் புற்றுநோய் பத்தி வந்த கட்டுரைய எங்க வீட்ல ரெண்டு தடவ படிச்சோம், முதல்ல என் மக சத்தமா படிச்சா, அப்புறம் நானே வாங்கி மெதுவா படிச்சேன். கட்டுரை நல்லாதான் இருந்துச்சு, ஆனா நடுவுல ஒரு வரி, ஏற்கெனவே நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு எழுதி முற்றுப்புள்ளி வச்சிட்டீங்க. அந்த வரிய படிச்சதும் என் மக நிறுத்திட்டா, அதுக்கு மேல அவளால படிக்க முடியல. அந்த முற்றுப்புள்ளி பத்திதான் இத எழுதுறேன். எனக்கு 9 வருஷமா சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைச்சு மூச்சு வாங்கற நாள்பட்ட நோய் இருக்கு, ரெண்டு மாசம் முன்னாடி வலது நுரையீரல் மேல்பக்கத்துல கேன்சர்னு தெரிஞ்சுது, வர்ற செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன்.

நான் 35 வருஷம் தச்சு வேல பாத்தவன். 26 வருஷம் சிகரெட் பிடிச்சேன், 9 வருஷம் முன்னாடி மூச்சு நோய்னு சொன்ன அன்னைக்கு விட்டேன். சிகரெட்டோட மரத்தூளும் சேர்ந்து நுரையீரல கெடுத்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இத மறைக்காம சொல்றேன், ஏன்னா எனக்கு கேன்சர்னு கேள்விப்பட்டு வந்தவங்கள்ல பாதி பேர் முதல்ல கேட்டது அததான், சிகரெட் உண்டான்னு. அந்தக் கேள்வி எங்கள மாதிரி ஆளுங்கள வாய மூட வச்சிடுது, நாமளே இழுத்து விட்டுக்கிட்டதுதானே, டாக்டர் கிட்ட போயி இன்னொரு வழி இருக்கான்னு கேக்க நமக்கு என்ன உரிமைன்னு தோண வச்சிடுது. நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் இருந்தேன்.

முதல்ல போன ஆஸ்பத்திரியில (பேரு வேண்டாம்) டாக்டர் என் பழைய மூச்சு ரிப்போர்ட்ட பாத்தாரு, முதுகுல ஸ்டெதஸ்கோப் வச்சாரு, உங்க நுரையீரல் ஆபரேஷன தாங்காதுன்னு சொல்லிட்டாரு. அஞ்சு நிமிஷம் கூட ஆகல. வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தோம், என் வீட்டம்மா என் கைய விடவே இல்ல. அன்னைக்கு ராத்திரி தான் என் மக அந்த ரிப்போர்ட்ட எடுத்து தேதிய பாத்தா. 3 வருஷம் முன்னாடி, நான் நெஞ்சு சளி கட்டி அட்மிட் ஆகியிருந்தப்ப எடுத்தது அது! மூச்சு ரொம்ப மோசமா இருந்த வாரத்துல ஊதுன நம்பர வச்சு என் மிச்ச வாழ்க்கைய முடிவு பண்ணியிருக்காங்க. 35 வருஷத்துல நான் ஒரு பலகைய கூட ரெண்டு தடவ அளக்காம அறுத்ததில்ல, மழைக்காலத்துல ஊறிப்போன மரத்த அளந்து கோடையில சட்டம் போட்டதில்ல. என் நெஞ்ச மட்டும் ஏன் அளக்காம விட்டாங்கன்னு நினைச்சு நினைச்சு எனக்கு தூக்கம் வரல.

வேற இடத்துக்கு போனோம். அங்க முதல் வாரம் பூரா அளந்தாங்க, வேற எதுவும் பண்ணல. அத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதத்தான் உங்க கட்டுரை விட்டுடுச்சு.

மூச்சு டெஸ்ட்ட நான் நல்லா இருக்கற நாளா பாத்து, இன்ஹேலர் குடுத்து கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தாங்க. முதல் ஒரு செகண்டுல எவ்வளவு காத்த வெளிய தள்ள முடியுதுன்னு பாக்கறது எஃப்இவி1. என் வயசு, உயரத்துக்கு இருக்க வேண்டியதுல எனக்கு 51 சதவீதம் வந்துச்சு. பழைய ரிப்போர்ட்ல 34. அதோட நிக்கல, நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு காத்து எவ்வளவு நல்லா போகுதுன்னு பாக்க டிஎல்சிஓன்னு இன்னொரு டெஸ்ட், அதுல 48. இந்த ரெண்டாவது டெஸ்ட்ட எனக்கு 9 வருஷத்துல யாரும் எடுத்ததே இல்ல. ஊதி காட்டற டெஸ்ட் மட்டும் ஓரளவு நல்லா இருந்து இது மோசமா இருக்கறவங்களும் உண்டாம், அதனால ரெண்டும் வேணும்னு சொன்னாங்க.

அப்புறம் ஒரு கணக்கு போட்டாங்க, அது எனக்கு புரியற கணக்கு. வலது நுரையீரல்ல 3 மடல், இடதுல 2, லோப்னு சொல்றாங்க. அதுக்குள்ள சின்ன சின்ன பகுதியா மொத்தம் 19 துண்டுன்னு வச்சுக்கறாங்க. எனக்கு எடுக்க வேண்டிய வலது மேல் மடல்ல 3 துண்டு. மீதி 16. அப்போ 51ல 19க்கு 16 பங்குன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் 43 மிஞ்சும், 48ல 40 மிஞ்சும். இந்த மிஞ்சற நம்பர் ரெண்டுமே 60க்கு மேல இருந்தா பயமில்ல, நேரா ஆபரேஷனுக்கு போகலாம். ஒண்ணு 30க்கு கீழ போனா ரொம்ப கவனமா இன்னும் ஆழமான டெஸ்ட் பண்ணணும். நடுவுல இருந்தா நடக்க வச்சு பாக்கணும். கவனிங்க, 30க்கு கீழ போனா கூட உடனே கதவ சாத்தறதில்ல, அடுத்த டெஸ்ட்தான்.

நான் நடுவுல இருக்கறவன், அதனால நடக்க வச்சாங்க. ரெண்டு கூம்ப வச்சு நடுவுல 10 மீட்டர், ஒரு பெட்டி பீப் பீப்னு சத்தம் குடுக்கும், அடுத்த பீப்புக்குள்ள அந்தப் பக்கம் போயிடணும், நிமிஷத்துக்கு நிமிஷம் பீப் வேகமாகும். 400 மீட்டர் நடந்திருந்தா போதும், நான் 340ல நின்னுட்டேன். சுவத்த பிடிச்சுக்கிட்டு நின்னப்போ எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன், என் மக முகத்த பாக்க முடியல. ஆனா அந்த ஃபிசியோ பொண்ணு தண்ணி குடுத்துட்டு, இது தோத்துட்டீங்கன்னு அர்த்தம் இல்லங்கய்யா, அடுத்த டெஸ்ட்டுக்கு போறோம்னு அர்த்தம்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அந்த பொண்ணுக்கு ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

அடுத்தது சைக்கிள் டெஸ்ட். மூக்கு வாய மூடி மாஸ்க் போட்டு, நெஞ்சுல ஒயர் ஒட்டி சைக்கிள் மிதிக்க சொல்லி, உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்குதுன்னு அளக்கறாங்க. கிலோவுக்கு நிமிஷத்துக்கு 20 மில்லிக்கு மேலன்னா நல்ல தெம்பு, 10க்கு கீழ போனா ஆபரேஷன் ஆபத்து ரொம்ப அதிகம். எனக்கு 14. ஆபத்து இருக்கு, ஆனா பண்ணலாம்னு சொன்னாங்க. நுரையீரலோட இதயமும் காலும் எப்படி இருக்குன்னு ஒரே டெஸ்ட்ல தெரிஞ்சிடுமாம்.

கடைசியா ஒரு ஸ்கேன், நுரையீரல்ல எந்த பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு பாக்கறது. இதுலதான் நான் எதிர்பாக்காத ஒண்ணு தெரிஞ்சுது. கேன்சர் கட்டி உக்காந்திருக்கற அந்த மேல் மடல்தான் என் நுரையீரல்லயே ரொம்ப கெட்டுப்போன பகுதி, எம்ஃபிசிமான்னு சொல்ற ஓட்டை ஓட்டையா போன பகுதி, அது ஏற்கெனவே பெருசா வேல செய்யல. அப்போ அத எடுத்தா கணக்குல வந்த அளவு மூச்சு குறையாது, சில பேருக்கு உப்பிப்போன பகுதி போனதும் மத்த பகுதிக்கு இடம் கிடைச்சு மூச்சு கொஞ்சம் சுலபமா கூட ஆகுமாம். கேன்சரே இல்லாம எம்ஃபிசிமாவுக்காக மட்டும் இப்படி கெட்ட பகுதிய வெட்டி எடுக்கற ஆபரேஷன 1218 பேர வச்சு அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணி 2003ல முடிவு சொல்லியிருக்காங்க. மேல்பக்கம் அதிகமா கெட்டு, நடக்க தெம்பும் கம்மியா இருந்தவங்களுக்கு பலன் கிடைச்சுது, ஆனா நுரையீரல் மிக மோசமா, பூரா ஒரே மாதிரி கெட்டுப்போனவங்களுக்கு அதே ஆபரேஷன் உயிருக்கே ஆபத்தா முடிஞ்சுது. ஒரே நோய், ஒரே ஆபரேஷன், ஆளுக்கு ஆள் நேர் எதிர் முடிவு. அத எப்படிங்க ஒரு வரியில எழுத முடியும்?

நாள்பட்ட நுரையீரல் நோய்னு நீங்க எழுதுனது கூட ஒரு நோய் இல்ல. என்ன மாதிரி சிஓபிடி இருக்கு, ஆஸ்துமா இருக்கு, பழைய டிபி தழும்பு இருக்கு, நுரையீரல் நாராகி இறுகிப்போற ஃபைப்ரோசிஸ் இருக்கு. ஃபைப்ரோசிஸ் உள்ளவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த நோயே திடீர்னு பொங்கி எழற ஆபத்து இருக்கு, அது என் ஆபத்து இல்ல, வேற கணக்கு. சிகரெட்டே தொடாம வருஷக்கணக்கா விறகடுப்பு புகையில நின்னு சிஓபிடி வந்த பொம்பளைங்க இருக்காங்க. இன்னொண்ணு, சிஓபிடி இருந்தாலே நுரையீரல் கேன்சர் வர்ற வாய்ப்பு கூடுது, சிகரெட் கணக்க தனியா கழிச்சிட்டு பாத்தாலும் கூடுதுன்னு சொல்றாங்க. அப்போ உங்க கட்டுரை ஒரு வரியில ஒதுக்கி வச்சிட்டு போன கூட்டம்தான் இந்த நோய் அதிகமா வர்ற கூட்டம். எங்களுக்காகத்தான் அந்த கட்டுரையே எழுதியிருக்கணும்.

எவ்வளவு வெட்டணும்ங்கறதும் இப்ப மாறிடுச்சு. 1933ல எவார்ட்ஸ் கிரஹாம்னு ஒரு சர்ஜன் கேன்சருக்காக ஒரு டாக்டரோட இடது நுரையீரல முழுசா எடுத்தாரு, அந்த நோயாளி அதுக்கப்புறம் 30 வருஷம் இருந்தாரு, ஆபரேஷன் பண்ண கிரஹாம் சிகரெட் பிடிச்சவரு, 1957ல நுரையீரல் கேன்சர்ல போயிட்டாரு. இத என் சர்ஜன் சொன்னப்போ ரொம்ப நேரம் அதையே நினைச்சிட்டிருந்தேன். அப்புறம் முழு நுரையீரலுக்கு பதிலா ஒரு மடல் எடுத்தா போதும்னு வந்துச்சு, ரொம்ப வருஷம் அதுதான் சட்டம். 2 சென்டிமீட்டர் வரைக்கும் உள்ள, ஓரமா இருக்கற, நெறி கட்டிகளுக்கு பரவாத கட்டிக்கு மடல்ல ஒரு பகுதி எடுத்தா போதும்னு 2022ல ஜப்பான் ஆராய்ச்சியும் 2023ல அமெரிக்க ஆராய்ச்சியும் சொல்லுச்சு. என் கட்டி 1.8 சென்டிமீட்டர். அப்போ சின்னதா வெட்டுங்கன்னு நான் கெஞ்சுனேன். சர்ஜன் பொறுமையா விளக்குனாரு, அந்த ஜப்பான் ஆராய்ச்சியில சின்னதா வெட்டுனவங்களுக்கு மிச்சமான மூச்சு எதிர்பாத்த அளவு இல்ல, வித்தியாசம் கொஞ்சம்தான், அதே இடத்துல திரும்ப வர்றது மட்டும் கூட இருந்துச்சு, ஆனாலும் மொத்தத்துல உயிரோட இருந்தவங்க அதுலதான் அதிகம்னு. என் விஷயத்துல அந்த மடலே வேல செய்யாத மடல், அத பாதிய விட்டு வச்சு எனக்கு என்ன லாபம்னு கேட்டாரு. அதனால மடல் முழுசா, ஆனா நெஞ்ச பெருசா கிழிக்காம சின்ன துளை போட்டு கேமரா வச்சு. நான் சம்மதிச்சேன். இது என் முடிவு, இன்னொருத்தருக்கு இதே முடிவுன்னு நான் சொல்லல.

ஃபிசியோ ரூம்ல எனக்கு பழக்கமான ஒரு பெரியவர், எஃப்இவி1 26, அதே சைஸ் கட்டி, ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணாரு. அவருக்கு குறி வச்சு அடிக்கற ரேடியேஷன், அஞ்சே சிட்டிங், வெட்டே இல்லாம. எனக்கு இருக்கற மூச்சுல பேரப்பிள்ளைகளோட பேசிட்டு இருந்தா போதும் தம்பின்னு சொன்னாரு. அவரும் அளந்து பாத்துட்டுதான் வேண்டாம்னு சொன்னாரு, ஆபரேஷன் இல்லன்னா வழியே இல்லன்னு யாரும் அவர வீட்டுக்கு அனுப்பல. உங்க கட்டுரையில இந்த ரேடியேஷன் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல.

டெஸ்ட்டெல்லாம் முடிஞ்ச அன்னைக்கு சர்ஜன் ஃபைல மூடி வச்சிட்டு ஒண்ணு கேட்டாரு. எந்த அளவு மூச்சு வாங்குனா உங்களுக்கு வாழ்க்கையே பிடிக்காம போகும்னு நினைக்கறீங்க? வீட்டுக்குள்ள நடக்க முடியாட்டியா, குளிக்க இன்னொருத்தர் உதவி வேணும்னாலா, எப்பவும் ஆக்சிஜன் குழாயோட இருக்கணும்னாலா? நான் பதில் சொல்ல ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன். குளிக்கற வேலைய நானே பாத்துக்கணும், அத மட்டும் விட முடியாதுன்னு சொன்னேன். என் வீட்டம்மா பக்கத்துல உக்காந்து அழுதா, ஆனா அவளுக்கும் அது தெரியணும்ல. இந்தக் கேள்விய ஒவ்வொரு நோயாளி கிட்டயும் கேக்கணும்னு நான் மனசார நினைக்கறேன்.

இந்த நாலு வாரம் நான் பண்ணதையும் சொல்லிடறேன். முதல் நாளே நர்ஸ் என் இன்ஹேலர எடுத்து அடிச்சு காட்ட சொன்னாங்க. 9 வருஷமா தப்பா அடிச்சிருக்கேன், மருந்து பூரா நாக்குலயும் தொண்டையிலயும் போயிட்டு இருந்திருக்கு. ஸ்பேசர்னு ஒரு குழாய மாட்டி மெதுவா இழுத்து மூச்ச 10 எண்ற வரைக்கும் பிடிக்க சொன்னாங்க, ஒரே வாரத்துல படி ஏறும்போது வித்தியாசம் தெரிஞ்சுது. மருந்து மாத்தல, அடிக்கற விதம் மாத்துனோம், அவ்வளவுதான். அப்புறம் மூச்சு பயிற்சிக்கு மூணு பந்து உள்ள டப்பா, 600, 900, 1200னு போட்டிருக்கும், நிறைய பேர் அத ஊதறாங்க, ஊதக் கூடாது, உள்ள இழுக்கணும், இழுத்து பந்த மேலயே நிக்க வைக்கணும். இப்ப எனக்கு ரெண்டு பந்து நிக்குது, மூணாவது எழும்பி விழுது. தினமும் நடை, உதட்ட குவிச்சு மூச்சு விடறது. இன்னும் சிகரெட் பிடிக்கறவங்க இத படிச்சா தயவு செஞ்சு இன்னைக்கே விடுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி திடீர்னு விட்டா சளி கூடி ஆபத்துன்னு ஒரு பேச்சு உலாவுது, அத நம்பி தள்ளிப் போடாதீங்க, நாலு வாரம் கிடைச்சா ரொம்ப நல்லது, கிடைக்காட்டியும் விடறதுதான் நல்லது.

எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் என்னென்ன வரும்னும் முன்னாடியே சொல்லிட்டாங்க, அதுக்கு நன்றி. எம்ஃபிசிமா நுரையீரல் நைஞ்ச துணி மாதிரி, தையல் போட்ட இடத்துல காத்து கசியும், நெஞ்சுல மாட்டுன டியூப் டப்பாவுல குமிழ் வந்துட்டே இருக்கும், 5 நாளுக்கு மேலயும் போகலாம், டியூபோட வீட்டுக்கு வர்றவங்களும் உண்டு. வலிக்குதுன்னு இருமாம இருந்தா சளி தங்கி நிமோனியா ஆயிடும், அதனால வலிக்கு முதுகுப்பக்கம் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பாங்க, தலகாணிய நெஞ்சோட கட்டிப்பிடிச்சு இருமணும், மறுநாளே எழுந்து நடக்கணும். என் மகளுக்கு தனியா ஒண்ணு சொன்னாங்க, அப்பாவுக்கு மூச்சு வாங்குதேன்னு பயந்து நீங்களா ஆக்சிஜன கூட்டி வச்சிடாதீங்க, சிஓபிடி உள்ள சில பேருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறிடும், அவங்களுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 88ல இருந்து 92 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்னு. வீட்ல ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கற எத்தன குடும்பத்துக்கு இது தெரியும்?

பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆபரேஷன் அப்போ வலது நுரையீரல சுருங்க விட்டுட்டு இடது ஒண்ணுலயே மூச்சு ஓட்டுவாங்களாம், அந்த இடது பக்கம் தாங்குமான்னு ராத்திரி படுத்துக்கிட்டு அந்தப் பக்கம் கைய வச்சு பாக்கறேன். என் வீட்டம்மா தூங்கறா மாதிரி படுத்திருப்பா, ஆனா என் மூச்ச எண்ணிட்டு இருக்கான்னு எனக்கு தெரியும். எல்லாம் அளந்தாச்சு, இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். ஆனா இப்ப எனக்கு எது ஆபத்து, எவ்வளவுன்னு தெரியும். அந்த பெஞ்சுல உக்காந்திருந்தப்போ அது தெரியாது, அதுதான் தாங்க முடியாததா இருந்துச்சு.

ஆசிரியர் கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. சிஓபிடி இருக்கற எத்தனையோ பேர் அத படிச்சிட்டு, சிடி ஸ்கேன்ல புள்ளி தெரிஞ்சும் டாக்டர் கிட்ட திரும்ப போகாம இருப்பாங்க, எப்படியும் ஒண்ணும் பண்ண முடியாதுல்லன்னு. முடியுமா முடியாதாங்கறத மூச்சு டெஸ்ட் ரெண்டும், நடை டெஸ்டும், தேவைப்பட்டா சைக்கிள் டெஸ்டும் பாத்துட்டு, நுரையீரல் டாக்டரும் சர்ஜனும் ரேடியேஷன் டாக்டரும் உக்காந்து பேசி, நோயாளியையும் கேட்டு சொல்லணும்னு போடுங்க.

கடிதம் ரொம்ப நீளமாயிடுச்சு, இடம் பத்தாம வெட்டத்தான் செய்வீங்க. என் கதைய வெட்டிக்கோங்க, தச்சு வேல, வீட்டம்மா, பெஞ்சு எல்லாத்தையும் எடுத்துடுங்க. அந்த டெஸ்ட் பேரையும் நம்பரையும் மட்டும் விட்டு வையுங்க. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வந்தாலும் பரவாயில்ல, என் மக ஆஸ்பத்திரிக்கு பேப்பர் கொண்டு வந்து படிச்சு காட்டறேன்னு சொல்லியிருக்கா.

இப்படிக்கு,
பேர் வெளியிட விரும்பாத வாசகர்